கலங்கிய கசிவு

ஷோல்பான் முப்பத்தொன்பது வயதில் அல்மாட்டி நகரத்துக்குப் படிக்கப் போனாள். அதுவரை செம்பு உருக்காலையில் சுற்றுச்சூழல் அதிகாரி. புகைக்கும் கழிவுக்கும் "வரம்புக்குள் உள்ளது" என்று எழுதித் தருவதுதான் வேலை. அது வெறுத்துப்போய்த்தான் நீடித்த வளர்ச்சியில் முதுகலை சேர்ந்தாள்.

"இந்த வயசுல படிச்சு யாரைத் திருத்தப் போற?" என்று கேட்ட கணவன் மெய்ராம் இன்னும் அதே ஆலையில்தான் இருந்தான்.

பனி உருகும் பருவத்தில் வகுப்பைக் கள ஆய்வுக்கு அழைத்துப் போன இடமும் அந்த ஆலையின் கழிவுச் சகதியை மண்கரை கட்டித் தேக்கிய குளம்தான். கூடப் படிக்கும் பிள்ளைகள் கரைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷோல்பான் கரையின் அடிவாரத்துக்கு இறங்கினாள். அங்கே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பாட்டிலில் பிடித்துப் பார்த்தாள். கலங்கல். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கிக் கசிந்தால் கரையின் மண் உள்ளிருந்து கரைகிறது என்று பொருள்.

கீழே பள்ளத்தில் ஒரு குடியிருப்பு. மெய்ராமின் அக்கா குல்யாஷ் அங்கேதான் இருந்தாள்.

ஆலையில் தனக்கு மேலாளராக இருந்த போலாத்பெக்கைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நாலு பாடம் படிச்சதும் மேதாவி ஆயிட்டியாம்மா? அது பனித்தண்ணி. ஊரைக் கிளப்பிவிட்டே, அப்புறம் எந்த ஆலையும் உன்னைச் சேர்க்காது. உன் புருஷனையும் நினைச்சுக்கோ."

தப்பாக இருந்தால்? பேராசிரியரிடம் பாட்டிலைக் காட்டினாள். அவர் மறுபேச்சில்லாமல் பேருந்தைக் கீழே குடியிருப்புக்கு விடச் சொன்னார். வகுப்பே இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டியது.

"ஆடு குட்டி போடுற நேரத்துல எங்கடி வரச் சொல்ற?" என்று கத்தினாள் குல்யாஷ்.

"திட்டுறதை மேட்டுல வந்து திட்டுங்க அண்ணி. கால்ல விழறேன், கிளம்புங்க!"

எல்லாரும் மேடேறினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. குழந்தைகள் குளிரில் அழுதன. ஆண்கள் முணுமுணுத்தார்கள். போலாத்பெக் காரில் வந்து எல்லார் முன்னாலும் அவளை ஏசினார். கரை உடைந்து தொலையாதா என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள் ஷோல்பான். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போது கரையின் நடுப்பகுதி சத்தமே இல்லாமல் உள்வாங்கியது. பிறகுதான் இரைச்சல் வந்தது. சாம்பல்நிறச் சகதி ஆட்டுப்பட்டிகளையும் வீடுகளையும் மூடிக்கொண்டு போயிற்று. போலாத்பெக் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

எண்ணிப் பார்த்தார்கள். மனிதர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆடுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன.

ஷோல்பானின் போன் அடித்தது. மெய்ராம்.

"கரை உடைஞ்சிருச்சாம். நீதான் ஊரைக் கிளப்பினியாமே. நாளைக்கு என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க, தெரியும்ல?"

"தெரியும்."

அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"சரி விடு. அக்கா பக்கத்துல இருக்காளா? போனை அவகிட்ட குடு, குரலைக் கேக்கணும்."