ஆறு கைச் சொனாட்டா

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, படத்தையும் திறந்து வைத்து, வந்தவர்கள் பந்தலில் சாப்பிட்டு எழுந்துகொண்டிருந்த நேரத்தில்தான் பரிமளா அதைக் கேட்டாள்.

"வீரமுத்தண்ணே, அந்த மூணு பேரு வாசிக்கிற பாட்ட இப்ப இங்க வாசிங்களேன்."

வீரமுத்து பெரம்பலூரில் பியானோ வகுப்பு நடத்துகிறவர். அவருக்குப் பக்கத்தில் நின்ற ஜோதி, அரியலூரில் பாட்டு டீச்சர். இவர்களோடு கூடி வாசிக்க ஞாயிறு தவறாமல் செந்துறையிலிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறிய மூன்றாவது ஆள் பரிமளாவின் புருஷன் கலைச்செல்வன். அவர்தான் இப்போது மாலையோடு பந்தலை ஒட்டிய சுவரில் இருந்தார்.

மூன்று பேருக்கும் ஒரே கிறுக்கு. இருநூறு வருஷத்துக்கு முந்திய மேல்நாட்டுச் சொனாட்டா ஒன்று. ஒருவர் தனியாக உட்கார்ந்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பியானோவில் வாசிக்க வேண்டியது. அதைக் கலைச்செல்வன் ஆறு கைக்குப் பிரித்துப் போட்டார். ஒரே பெஞ்சில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒருவர் கைக்கு மேல் ஒருவர் கையை நீட்ட வேண்டும். நடுநடுவே தள்ளிவிட்டுக்கொள்ளவும் வேண்டும். வகுப்பு ஆண்டு விழாவில் ஜனம் வயிறு வலிக்கச் சிரித்ததாம். பரிமளா அதைக் கேட்டதில்லை.

அவள் கேட்டதெல்லாம் அவர் பங்கை மட்டும். எட்டு மாதமாக, ஆபீஸ் விட்டு வந்ததும் முன்னறையில் கீபோர்டைப் போட்டுக்கொண்டு இடது ஓரத்து அடிக்கட்டைகளில் டொங், டொங் என்று நாலு சத்தம் எழுப்புவார். அப்புறம் ஒன்றும் இருக்காது. மனுஷன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எண்ணும்போதே சிரிப்பு வந்துவிடும். கடைசியில் கீழே மூன்று சத்தம், மெதுவாக. அவ்வளவுதான் அவர் வித்தை.

ஆண்டு விழாவுக்கு முதல் நாள், "ஒரு தடவ வந்துதான் கேளேன்" என்று கூப்பிட்டார்.

"மூணு கட்டையத் தட்டுறதப் பாக்க நான் பெரம்பலூருக்கு பஸ் ஏறணுமாக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஆறு வாரம் கழித்து, வேலைக்குக் கிளம்பியவர் பஸ் ஸ்டாப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பதினாறு நாளும் வந்தவர்கள் அவளிடம் பென்ஷனைப் பற்றிப் பேசினார்கள், அவர் வேலையை அவளுக்குப் போட்டுத் தருவார்களா என்று பேசினார்கள். அவளை அரித்தது வேறு. அப்படி என்னத்தை எண்ணிச் சிரித்தார்? இனி யாரிடம் கேட்பது?

"சாவு வூட்டுல வெளையாட்டுப் பாட்டா? ஊரு என்ன பேசும்?" என்றார் கலைச்செல்வனின் அண்ணன் ராசாங்கம்.

"பேசட்டும் மாமா. அவரு எதுக்குச் சிரிச்சாருன்னு எனக்குத் தெரியணும். தெரியாம எனக்குச் சோறு எறங்காது."

வீரமுத்து ஜோதியைப் பார்த்தார். ஜோதி தலை குனிந்துகொண்டாள். "இன்னொரு நா பாத்துக்கலாம்மா" என்று இழுத்தார் வீரமுத்து. பரிமளா விடவில்லை. உள்ளே போய்க் கீபோர்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பந்தலில் வைத்தாள்.

இருவரும் உட்கார்ந்தார்கள். இடது ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

ஆரம்பம் கம்பீரமாக இருந்தது. ஆனால் அங்கங்கே பள்ளம் விழுந்தது. பந்தலில் இருந்தவர்களுக்கு அது தப்பாக வாசிப்பதுபோலத்தான் கேட்டிருக்கும். பரிமளாவுக்கு அப்படிக் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் டொங், டொங் என்று அவள் மனசு தானாகவே இட்டு நிரப்பியது. அட, இத்தனை அழகான பாட்டுக்கா அந்த நாலு சத்தம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. அவர் எண்ணத் தொடங்கும் இடமும் வந்தது. அவளும் விரலை மடக்கினாள்.

வீரமுத்து கையை எடுத்துக்கொண்டார். ஜோதியின் வலது கை மட்டும் உச்சக் கட்டைகளில் படபடவென்று இறங்கியது. மூச்சு விடாமல் ஓடியது. ஒரே சங்கதியை மூன்று தடவை சொன்னது. போதும் என்று நிற்பதுபோல நின்று, ஏதோ ஞாபகம் வந்தாற்போல மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். பிறகு அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. "கேஸ் சிலிண்டருக்குச் சொன்னீங்களா, மோட்டார நிறுத்துனீங்களா, மோட்டார நிறுத்துனீங்களான்னு கேட்டனே, சும்மா உக்காந்து சிரிச்சா ஆச்சா." அது அவளேதான். இருநூறு வருஷத்துச் சொனாட்டாவின் நடுவில் அவர் பெண்டாட்டியைக் கொண்டுவந்து நிறுத்தி வைத்திருக்கிறார்.

அப்படியானால் கடைசியில் வரும் அந்த மூன்று சத்தம்? இருபத்திரண்டு வருஷமாக அவள் என்ன கத்தினாலும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். ஆ-வட்-டும்.

அவள் உட்கார்ந்தபடியே இன்னொன்றையும் புரிந்துகொண்டாள். தினமும் அவர் முன்னறையில் விரலை மடக்கி எண்ணிய அதே நேரத்தில், அடுப்படியிலிருந்து அவள் தன் பங்கை ஒரு சொல் பிசகாமல் வாசித்திருக்கிறாள். சரியாக அந்த இடத்தில். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. சிரிக்காமல் என்ன செய்வார் மனுஷன்?

பரிமளா சிரித்தாள். பதினாறாம் நாள் பந்தலில், புருஷன் படத்துக்கு முன்னால், வாய்விட்டுச் சிரித்தாள். ராசாங்கம் வெடுக்கென்று திரும்பினார். பெண்கள் ஓடிவந்து தோளைப் பிடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

ஜோதியின் கை நின்றிருந்தது. "மன்னிச்சிருங்கக்கா. நீங்க கேட்டா மனசு நோவுமோன்னுதான் தயங்குனோம். அவரு ஆசையாத்தான் போட்டாரு" என்றாள். மேற்கொண்டு வாசிப்பதற்காக வீரமுத்து கையை உயர்த்தினார்.

"இருங்கண்ணே" என்றாள் பரிமளா, காலியாக இருந்த இடது ஓரத்தைப் பார்த்து. "அவரு இன்னும் பதிலு சொல்லல."

வீரமுத்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.