நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர்

அன்று காலை பத்து மணிக்கு என்னைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். பத்தொன்பது வருஷமாக இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவன் நான். இனி அது தேவையில்லையாம். இரண்டு அரசாங்கமும் ஒரு பொதுமொழியை ஏற்றுக்கொண்டுவிட்டன. எங்கள் இயக்குநரும் எதிர்ப்பக்கத்து இயக்குநரும் ஒரு வருஷம் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். 'ஒரே மொழியில் நேருக்கு நேர் பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்' என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தது. அதை எழுதிய மகராசனுக்கு அண்ணன் தம்பி கிடையாது போலிருக்கிறது.

ஏதாவது சொல்லுக்கு அர்த்தம் தேவைப்பட்டால் ஆகட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கேட்டால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது. எதிர்ச் சுவரோரம் அந்தப் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் அம்மாவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவருக்கும் பக்கத்தில் பழக்கதோஷத்தில் யாரோ தண்ணீர் டம்ளர் வைத்திருந்தார்கள்.

பேச்சு பதினோரு லாரி டிரைவர்களைப் பற்றியது. சரக்குச் சீட்டு விதி திடீரென்று மாறிய நாளில் எல்லையைத் தாண்டி மாட்டிக்கொண்டவர்கள். நாற்பத்தேழு நாளாக அந்தப் பக்கத்துக் காவலில் இருக்கிறார்கள். பட்டியலில் ஏழாவது பெயர் என் அண்ணன் மகனுடையது.

நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, கீழ்வீட்டில் இருக்கும் அண்ணன் படியேறி வந்து எங்கள் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்க்காமல் என் மனைவியிடம், "இன்னிக்குப் பையனை விட்டுருவாங்களான்னு அவன்கிட்ட கேளும்மா" என்றார். மூன்றடி தள்ளி நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, பையனை விட்டுருவாங்களான்னு மாமா கேக்குறாரு."

"இன்னிக்குக் கையெழுத்து ஆயிடும்னு அண்ணன்கிட்ட சொல்லு."

"ஆயிடுமாம் மாமா."

ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் இப்படித்தான். நேரே காதில் விழுவது கணக்கில் இல்லை. அவள் வழியாக வருவதுதான் பேச்சு. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தது அண்ணனுடைய முடிவு. நாலாம் நாள் அப்பா போனதும், கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "அப்பாவை நீதான் கொன்னே" என்று சொன்னவன் நான். ஊரார் வார்த்தையையெல்லாம் பதம் பார்த்துக் கொடுக்கிறவன், என் வார்த்தையைப் பச்சையாக எறிந்தேன். ஒரே தாய்மொழி. ஒரு எழுத்துக்கூட அவருக்குப் புரியாமல் போகவில்லை.

மொழிபெயர்ப்பு வேலையில் எனக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லித் தந்ததல்ல, நாங்கள் பேசி வைத்துக்கொண்டதும் அல்ல. சூடான வாக்கியம் வந்தால் உடனே மொழிபெயர்க்க மாட்டோம். டம்ளரை எடுத்து மெதுவாகத் தண்ணீர் குடிப்போம். பாலம் கட்டும் பேச்சு நடந்தபோது எங்கள் இயக்குநர், "திருட்டுப் பசங்கன்னு சொல்லு" என்றார். நான் டம்ளரை எடுத்தேன். ரெண்டு மிடறு உள்ளே போவதற்குள் அவர் இருமிக்கொண்டு, "அதை விடு. அளவு ஒத்து வரலைன்னு சொல்லு" என்றார். எதிரே இருந்தவருக்கு எங்கள் மொழி நன்றாகவே தெரியும். அக்கம்பக்கத்து நாடுதானே. ஆனாலும் மொழிபெயர்க்காதவரை அது சொல்லப்படாத வார்த்தை. அவரும் காது கேளாதவர் மாதிரி பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பாலம் இன்றைக்கும் நிற்கிறது.

டிரைவர்கள் பேச்சும் முதல் அரைமணி நேரம் சாதுவாகத்தான் போனது. இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலப் பொதுமொழியைத் திருத்தமாகப் பேசினார்கள். நாலு பெயருக்குச் சம்மதம் வந்தது. ஐந்தாவதில் எதிர்ப்பக்கத்து இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "உங்க டிரைவர்களுக்குப் படிக்கத் தெரியாதா? ஆள் உயரத்துக்குப் போர்டு வச்சிருக்கோமே" என்றார்.

என் கை தானாக டம்ளருக்குப் போனது. எதிரே அந்த அம்மாவும் டம்ளரை எடுத்துவிட்டார். எங்களைப் பார்க்க ஆள் இல்லை.

"நீங்க நாளுக்கு ஒரு போர்டு மாத்தினா எவன் படிப்பான்?" என்றார் எங்கள் இயக்குநர்.

"திருட்டுத்தனமா நுழையறவனுக்கு எந்தப் போர்டும் உறைக்காது."

"திருடன் யாருன்னு உங்க சுங்கச்சாவடியில போய்க் கேளுங்க."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? கேட்காத மாதிரி இருக்க இப்போது யாருக்கும் வழியில்லை. இருவரும் சான்றிதழ் வாங்கியவர்கள். மூன்றே நிமிஷத்தில், சம்மதமான நாலு பெயரோடு சேர்த்து, கோப்பு மூடப்பட்டது. அடுத்த தேதி, அடுத்த மாதம் இருபது. நான் தண்ணீரை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

நடைபாதையில் அந்த அம்மா என் அருகில் வந்தார். பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் அடுத்தவர் வார்த்தையைத் தவிர எதுவும் பேசிக்கொண்டதில்லை.

"ஏழாவது பேரு உங்க வீட்டுப் பையனா?" என்று எங்கள் மொழியில் கேட்டார்.

"அண்ணன் மகன்."

"காவல்ல சாப்பாடு ஒழுங்காத்தான் போடுறாங்க. போன வாரம் பட்டியல் எடுக்கப் போனப்ப நானே பார்த்தேன்" என்றார்.

காரில் இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "அந்த வார்த்தையை விட்டிருக்கக் கூடாதுய்யா. நீயாவது தடுத்திருக்கலாம்ல?"

"எனக்குப் பேச அனுமதி இல்லைங்களே ஐயா."

"அடுத்த தடவை நீ நடுவுலயே உக்காரு. எவன் கேட்டாலும் நான் பார்த்துக்கிறேன்."

எனக்கு ஞானோதயம் தேவையில்லை, பிள்ளைதான் தேவை என்று சொல்ல வாய் வந்தது. கார் ஜன்னலை இறக்கிவிட்டேன். அவ்வளவு சோர்வு.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணன் எங்கள் சமையலறை நாற்காலியில் காத்திருந்தார். மடியில் மகனுடைய சட்டை, இஸ்திரி போட்டு மடித்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் மனைவி பக்கம்தான் திரும்பினார்.

"என்ன ஆச்சுன்னு கேளும்மா."

"அடுத்த மாசம் இருபதாம் தேதிக்குத் தள்ளி வச்சுட்டாங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லு."

"தள்ளித்தான் வச்சிருக்காங்களாம் மாமா. விட மாட்டோம்னு சொல்லலையாம்." இரண்டாவது வாக்கியம் நான் சொன்னதல்ல.

அண்ணனுடைய கை சட்டையைக் கசக்கியது. "ஊரான் பேச்சையெல்லாம் சுமந்து இவன் என்னத்தக் கிழிச்சான்? அப்பனைக் கொன்னேன்னு என்னைச் சொல்ல மட்டும் வாய் இருந்துச்சே. எம்புள்ளைக்கு ஒரு வார்த்தை பேச அந்த வாய் எங்க போச்சுன்னு கேளு."

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, சுவரில் சாய்ந்து நின்று மெதுவாகக் குடித்தாள். அலுவலக வழக்கத்தை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆறு வருஷத்தில் இப்படி எத்தனை டம்ளர் குடித்தாளோ, அண்ணன் வாயிலிருந்து வந்ததில் எத்தனை, என் வாயிலிருந்து வந்ததில் எத்தனை என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

டம்ளர் பாதி காலியானது. அண்ணன் கசங்கிய சட்டையை மடியில் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

"அதை விடும்மா" என்றார். "சாப்பிட்டானான்னு கேளு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏங்க, சாப்பிட்டீங்களான்னு மாமா கேக்குறாரு."

'இல்லன்னு அண்ணன்கிட்ட சொல்லு' என்றுதான் வாயெடுத்தேன். அவள் காத்திருந்தாள்.

"இன்னும் இல்லண்ணா" என்றேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். என் மனைவி இரண்டு தட்டு எடுக்கப் போனாள்.