சரிபார்க்க வந்தவர்

அரசு வேலைக்குப் படிக்கும் மாலை வகுப்பில் இன்று காவல் துறை அமைப்பு பற்றிய பாடம். ஆசிரியர் முன்பு தலைமையகத்தில் எழுத்தராக இருந்தவர். பலகையின் அடியில் காவல் நிலையங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வரைந்தார். அவற்றுக்கு மேல் உட்கோட்டம், அதற்கு மேல் மாவட்டம், உச்சியில் தலைமையகம். பிறகு ஓரத்தில் தனியாக ஒரு கட்டம் போட்டு, அதிலிருந்து எல்லாக் கட்டங்களுக்கும் கோடு இழுத்தார்.

"இது உளவுப் பிரிவு. யூனிஃபார்ம் கிடையாது. வேலைக்கு மனு போட்டிருக்கிற உங்களைப் பத்தி வீட்டுல வந்து விசாரிக்கிறது இவங்கதான்."

"பொண்ணு பார்க்க வர்ற மாதிரியா சார்?" என்றாள் பின்பெஞ்சுக்காரி.

"பொண்ணு பார்க்க வர்றவங்க அவங்க வீட்டுல மட்டும்தான் போய்ச் சொல்வாங்க. இவங்க எல்லா வீட்டுக்கும் சொல்லிடுவாங்க." சாக்குக்கட்டியால் அந்தக் கோடுகளைத் தட்டிக் காட்டினார்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

என் அண்ணன் சித்தி வீட்டுத் தையல் அறையில் ஒளிந்திருக்கிறான். ஆலை வாசலில் நடந்த கைகலப்பில் ஒரு காவலருக்கு மண்டை உடைந்தது. தான் கல்லெறியவில்லை என்கிறான் அண்ணன்; நான் நம்புகிறேன். ஆனால் அன்று பிடிபட்ட அவன் நண்பனும் எறியவில்லைதான். நிலையத்துக்கு நடந்து போனவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

நான் மனு போட்டது அந்தக் கைகலப்புக்கு முன்பு. திரும்பப் பெற்றால் சந்தேகம் வரும் என்று விட்டுவைத்தேன். அது புத்திசாலித்தனமா, பேராசையா என்று இன்னும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் கோப்பை கழுவாமல் கிடந்தது.

"உன் வேலைக்கு விசாரிக்க ஒருத்தர் வந்திருந்தாருடி. என்ன மரியாதை! செருப்பை வாசல்லயே கழட்டிட்டுத்தான் உள்ள வந்தாரு."

"யூனிஃபார்ம்லயா?"

"சேச்சே, போலீசே இல்ல. சாதாரணச் சட்டை, கையில ஒரு ஃபைலு. ஆபீஸ் ஆளு."

"என்னம்மா கேட்டாரு?"

"வீட்டுல யார் யாருன்னு கேட்டாரு. ஒண்ணு மறைச்சாலும் வேலை போயிடும்னு நீதானே படிச்சுப் படிச்சுச் சொன்ன?"

"அண்ணனைப் பத்தி..."

"சித்தி வீட்டுல இருக்கான்னு சொன்னேன். ஏன்டி அப்படிப் பார்க்கிற? ஸ்டேஷன்காரன் வந்தா வாயைத் திறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? இவரு உனக்காக வந்தவரு. அது வேற, இது வேற இல்லையா?"

அண்ணன் ஒளிந்த அன்று, நிலையத்திலிருந்து வந்தால் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தேன். வகுப்பில் சேர்ந்த பிறகு, வேலைக்கு விசாரிக்க வந்தால் எதையும் மறைக்காதே என்றேன். இரண்டையும் அம்மா அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். இரண்டு பேருமே ஒரே வீட்டு ஆட்கள் என்று மட்டும் நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு யார் பலகையில் கோடு போட்டுக் காட்டினார்கள்?

சித்திக்குப் போன் போட்டேன். எப்போது கூப்பிட்டாலும் முதலில் தையல் மிஷின் சத்தம் கேட்கும், அதற்கு மேல் சித்தி கத்துவாள். இன்று மிஷின் ஓடவில்லை.

"சொல்லும்மா," என்றது ஓர் ஆண் குரல். அண்ணன் குரல் இல்லை.

"சித்தி..."

"இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. தங்கச்சிதானே? கிளாஸ் முடிஞ்சுதா?"

அந்தப் பக்கம் கனமான எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. யாரோ அழுதார்கள், கதவு சாத்தப்பட்டதும் அது நின்றது.

"உங்க விசாரணை நல்லபடியா முடிஞ்சுதும்மா. அம்மா ஒரு வார்த்தை பொய் சொல்லலை. நீங்க தைரியமாப் படிங்க."

பக்கத்தில் வந்து காதைச் சாய்த்து நின்ற அம்மா என் தோளைத் தட்டினாள்.

"அவரேதான்டி!" என்றாள் மெதுவாக. "எவ்வளவு தன்மையாப் பேசுறாரு பாரு."