கையெழுத்துப் போட்ட சாம்பிள்

பொழுது சரியாக விடியும் முன்பே நாற்பது தையல் மிஷின்களும் ஓட ஆரம்பித்துவிட்டன. தகரக் கூரை நேற்றைய சூட்டையே இன்னும் விடவில்லை. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கியது. மூலையில் தனியாகக் கிடந்த மிஷினில் சாம்பிளக்கா குனிந்திருந்தாள். எந்த ஆர்டர் வந்தாலும் முதல் டி-ஷர்ட்டை அவள்தான் தைப்பாள். அதனால் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் கம்பெனியில் பாதிப்பேருக்குத் தெரியாது.

அவளுக்கு நேர் எதிரே கட்டிங் மேசை. பதினேழு நாளைக்கு முன்பு அங்கேதான் அவள் தம்பியின் இரண்டு விரல்கள் போயின. கத்திக்கு முன்னால் விரல் போகாமல் தடுக்கிற இரும்புக் கார்டை முதலாளியே கழற்றி அலமாரியில் பூட்டியிருந்தார். கார்டு இருந்தால் நூறு அடுக்குத் துணிதான் வெட்ட முடியும், கழற்றினால் நூற்றைம்பது. விரல் போன அன்றே "கவனக்குறைவு" என்று எழுதித் தம்பியை வெளியே அனுப்பினார். மேசையை மட்டும் நன்றாகக் கழுவச் சொன்னார். அடுத்து விரிக்க வேண்டிய துணி வெள்ளை.

அன்று காலை ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஆள் வந்திருந்தார். நெஞ்சில் சின்னம் அச்சடித்து இருபதாயிரம் டி-ஷர்ட் வேண்டுமாம். ஏற்கெனவே இரண்டு சப்ளையர்களிடம் சூடுபட்ட பூனை. ஒருவன் தேதி தவறினான். இன்னொருவன் நல்ல சாம்பிளைக் காட்டிவிட்டு, ஒரே சலவையில் சுருங்கிப்போகிற சரக்கைத் தலையில் கட்டினான்.

"எனக்கு மலிவு வேண்டாங்க, நம்பிக்கையான ஆள் வேணும்," என்றார் அவர். "சாம்பிள் எப்படியோ அப்படியே இருபதாயிரமும் வரணும். ஒரு தையல் மாறினாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவேன்."

"நம்ம கம்பெனி ஒரே குடும்பம் சார்," என்று முதலாளி குழைந்தார். "இந்தம்மா பத்து வருஷமா இருக்காங்க. என் தங்கச்சி மாதிரி."

தங்கச்சியாம்! சாம்பிளக்கா அந்த ஆர்டருக்காகத் தைத்துக்கொண்டிருந்த சாம்பிளைப் புரட்டிப் பார்த்தாள். அடி ஓரத் தையலின் நுனியைக் கட்டாமல் விட்டால் போதும். வந்தவர் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் சுற்றிலும் அவிழ்ந்து கையோடு வந்துவிடும். முதலாளியின் மானம் அங்கேயே சந்தி சிரிக்கும்.

டீ இடைவேளையில் இதைச் சொன்னபோது இஸ்திரிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆர்டர் போனா நாம தெருவுல நிப்போம். அவரு வேற எங்கயாவது ஷெட்டு போட்டுக்குவாரு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவியா?"

"அப்ப என் தம்பி விரலு?"

தம்பியின் இடத்தில் இப்போது கார்டு இல்லாத அதே கத்தியைப் பிடிக்கிற நெட்டையன் மெல்லச் சொன்னான்: "ஆர்டரக் கெடுக்காதக்கா. வரட்டும். தேதி போட்டு அவரும் முதலாளியும் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் யாரு இந்தக் கத்தியத் தொடறாங்கன்னு பாப்போம்."

"வேற ஆளக் கூட்டிட்டு வந்துட்டா?" என்றாள் இஸ்திரிக்காரி.

சாம்பிளக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். பதினேழு நாளில் அதுதான் முதல் சிரிப்பு, ஆனால் பார்க்க நன்றாக இல்லை.

திரும்பிப் போய்ச் சாம்பிளின் கழுத்தைப் பிரித்தாள். உள்பட்டியை மடித்து, திருப்பி, தோளிலிருந்து தோள்வரை தையல் வெளியே தெரியாமலும் உள்ளே உறுத்தாமலும் ஓட்டினாள். அந்தத் தையல் அவளுக்கும், அவளிடம் தொழில் பழகிய எட்டுப் பெண்களுக்கும்தான் வரும். புதிதாக ஒருத்தி பழக இரண்டு மாதமாவது ஆகும்.

வந்தவர் கழுத்துக்குள் விரல்விட்டுத் தடவித் தடவி மகிழ்ந்துபோனார். ஒரு மாதத்தில் சரக்கு என்று தேதி குறித்து, சாம்பிளின் ஓரத்தில் மையால் கையெழுத்துப் போட்டார். முதலாளி டி-ஷர்ட்டின் கழுத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்திலேயே தானும் போட்டார்.

ஒன்பதாம் நாள் வெள்ளைத் துணி வந்தது. நூற்றைம்பது அடுக்கு விரித்தார்கள். நெட்டையன் கட்டிங் மிஷினை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த ஷெட்டில் ஈ பறக்கிற சத்தத்தை அன்றுதான் கேட்டார்கள்.

முதலாளி ஓடிவந்தார். "என்னடா வேடிக்கை?"

"கார்டை மாட்டுங்க. நூறு அடுக்குக்கு மேல வேண்டாம். விரல் போனவனைத் திரும்ப எடுங்க, வைத்தியமும் உங்க பொறுப்பு," என்றான் நெட்டையன்.

"மிரட்டுறியா? மத்தியானத்துக்குள்ள நாப்பது பேரக் கொண்டாந்து இறக்குவேன்!"

சாம்பிளக்கா எழுந்தாள். "இறக்குங்க. வர்றவங்ககிட்ட அந்தச் சாம்பிளக் காட்டுங்க. காட்டுறதுக்கு முன்னாடி நீங்களும் கழுத்தைத் திருப்பிப் பாத்துக்குங்க."

சாம்பிளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இருபது வருடம் துணியோடு புரண்ட மனிதர், உடனே புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

"இதை யாரு தைக்கச் சொன்னது?"

"நீங்கதான். நல்லாத் தைக்கணும்னீங்க. தங்கச்சியாச்சே, சொன்னாக் கேக்க மாட்டேனா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவரைச் சுட்டது. "இந்தக் கத்தி என்ன புலியா? நானே வெட்டுறேன்!" என்று நெட்டையனைத் தள்ளிவிட்டு மிஷினைப் பிடித்தார். கத்தி சீறியது. வலது கை மிஷினைத் தள்ள, இடது கை துணியை அமுக்க வேண்டும். இடது கை ஒரு முழம் தள்ளியே நின்றது. துணி சுருண்டு கோணியது.

நழுவட்டும் என்று நினைத்தாள் சாம்பிளக்கா. ஒரே ஒரு முறை நழுவட்டும். நினைத்ததற்காக அவள் வெட்கப்படவில்லை.

"இன்னும் கிட்ட வைங்க முதலாளி," என்றாள் நிதானமாக. "அவன் அங்கதான் வெச்சிருந்தான்."

கை மேலும் ஓர் அங்குலம் நகர்ந்து, தானாகவே பின்னுக்கு வந்துவிட்டது. மிஷினை அணைத்தார். வியர்வை சொட்டி வெள்ளைத் துணியில் விழுந்தது.

"நாளைக்குப் பேசிக்கலாம்."

"இன்னைக்கே பேசிக்கலாம்," என்றாள் இஸ்திரிக்காரி. கழுத்துத் தையல் தெரிந்த அந்த எட்டுப் பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு நெட்டையன், பிறகு எல்லோரும்.

சாம்பிளக்கா வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். வெளியே காத்திருந்த தம்பி, கட்டுப்போட்ட கையோடு உள்ளே வந்தான். இஸ்திரிக்காரி நகர்ந்து இடம்விட்டாள்.

முதலாளியின் போன் அடித்தது. ஆர்டர் கொடுத்தவர்தான். கட்டிங் தொடங்கியாயிற்றா என்று கேட்பார். எடுக்காமல், கார்டு பூட்டிக் கிடந்த அலமாரியைப் பார்த்தார். அதன் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.