நாரைகள் ஓய்வு கொடுத்த எண்கள்

பிக்கட் ஃபால்ஸ் ஊரில் பதினாறுக்குப் பிறகு பதினெட்டு வருகிறது. ஊரின் பேஸ்பால் அணியான நாரைகள், தங்கள் பந்தெறிபவர் ஹார்லன் டீட்ஸுக்கு மரியாதையாக அவருடைய சட்டை எண்ணை மைதானச் சுவரில் மாட்டி, இனி அதை யாரும் அணியக்கூடாது என்று அறிவித்ததிலிருந்து அப்படித்தான். அந்த நிமிடமே அந்த எண் ஊரைவிட்டே போனது. பதினாறு வயதுப் பெண்கள் அடுத்த பிறந்தநாளில் பதினெட்டாகி ஓட்டுப் போட்டார்கள். பிறகு மட்டைக்காரருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் ஒருவருக்காக முப்பதுக்கு அடுத்த எண்ணும் போனது. அக்டோபர் கடைசி நாளில் பேய் வேஷம் போட்டு மிட்டாய் கேட்கும் பிள்ளைகள் ஒரு நாள் முன்னதாகவே கதவைத் தட்டப் பழகிக்கொண்டார்கள்.

எல்மர் வாஸ்பர்கின் எண்ணை மட்டும் எடுக்கவில்லை. பத்தொன்பது வருடம் ஆடியவர். அணியிலேயே அதிகம் ஆடியவர் யார் என்று இடைவேளையில் அறிவிப்பாளர் கிளாடிஸ் கேட்கும் கேள்விக்கு விடை எப்போதும் அவர்தான். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எல்மரே முதலில் கை தூக்கித் தன் பெயரைச் சொல்லி, பரிசான ஹாட் டாகை வாங்கித் தின்பார். ஆனால் கண் சுவரின் வெற்றிடத்திலேயே இருக்கும். சாவதற்குள் தன் எண் அங்கே தொங்குவதைப் பார்த்துவிட வேண்டும். இஸ்திரி போட்ட பழைய சட்டையைக் காரிலேயே வைத்திருந்தார்.

அணியின் முதலாளி டோரத்தியா ப்ரூயிட் வருடா வருடம் மறுத்தார். எல்மரின் எண் இரண்டுக்கு அடுத்தது. அத்தனை தடவை பந்தைத் தவறவிட்டால்தான் மட்டைக்காரர் அவுட். அத்தனை பேர் அவுட்டானால்தான் பக்கம் மாறும்.

"உங்க நம்பரையும் எடுத்துட்டா ஆட்டத்தை எப்படி முடிக்கிறது எல்மர்?" என்பார்.

"ஹார்லனுக்குச் செஞ்சப்ப யாராவது கணக்குப் பார்த்தீங்களா மேடம்? அவன் பந்து போட்டா பாதி எங்க பெஞ்சுலதான் வந்து விழும்."

அந்த வருடம் கோப்பைக்கான கடைசி ஆட்டம், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டன்ஸ்மோர் கோவேறு கழுதைகள் அணியோடு. கடைசி இன்னிங்ஸில் நாரைகள் பதினொரு ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு பேர் அவுட். மட்டையோடு நின்றவரும் இரண்டு தடவை தவறவிட்டாயிற்று. ஜனம் காரைத் தேடிக் கிளம்பியபோது டோரத்தியா கிளாடிஸிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"எல்மர், வாயைத் துடைச்சுக்கிட்டு கீழ வாங்க. உங்க மரியாதையை இப்பவே பண்ணிடறேன்."

"இப்பவா? டை கூடக் கட்டலையே."

"நீங்க கட்டி முடிக்கிறதுக்குள்ள சீசனே முடிஞ்சிடும். வாங்க."

காரிலிருந்து சட்டை வந்தது, சுவரில் ஏறியது, எல்மர் ஹாட் டாகின் கடுகுச் சாஸ் ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மட்டைக்காரர் அடுத்த பந்தையும் தவறவிட்டார். நடுவர் கையைத் தூக்கி, வெகுநேரம் யோசித்து, நான்கு என்றார். நான்கு தவறுதல்களுக்கு என்ன செய்வதென்று விதிகளில் இல்லை. ஆட்டம் தொடர்ந்தது. இருட்டுவதற்குள் நாரைகள் பன்னிரண்டு ஓட்டம் எடுத்துக் கோப்பையை வென்றார்கள்.

சொந்த மைதானத்தில் விருந்தாளிகள்தான் முதலில் மட்டை பிடிப்பார்கள் என்பது அந்தக் கொண்டாட்டத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த வசந்தத்தில், புது சீசனின் முதல் ஆட்டத்தில், கழுதைகள் மட்டை பிடித்தார்கள். இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று ஆடியவர்களின் மகன்கள் இப்போது ஆடுகிறார்கள். சிலர் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் பக்கத்திலேயே குடியேறிவிட்டார்கள். முதலில் முணுமுணுத்த ஜனம் பிறகு அடங்கிவிட்டது. பீர் விற்பனையை ஏழாவது இன்னிங்ஸோடு நிறுத்த வேண்டும் என்பது மைதானத்தின் விதி. ஏழாவது இன்னிங்ஸ் வரவே இல்லை.

இடைவேளை இல்லாததால் கிளாடிஸின் கேள்வியும் இல்லை, எல்மருக்கு ஹாட் டாகும் இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். போன வாரம் கழுதைகளின் இளம் மட்டைக்காரன் ஒருவன் வேலியோரம் வந்து நின்றான்.

"சார், நீங்க ஆடினப்ப உங்க நம்பர் என்ன?"

எல்மர் வாயைத் திறந்தார். வரவில்லை.

"சுவத்துல இருக்கு தம்பி. பாத்துக்க."

அவன் சுவரைப் பார்த்தான். அங்கே தொங்கியதை அவனால் வாசிக்க முடியவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு சற்று நின்றுவிட்டு, மட்டை பிடிக்கப் போனான். எல்மர் இன்னொரு பீர் வாங்கிக்கொண்டார். இன்னும் முதல் இன்னிங்ஸ்தான்.