அத்தைக்கும் அதே காய்ச்சல்

வலது கையில் நரம்பு கிடைக்காது, இடது கையில் எடுங்கள் என்று பிரின்சியே சொன்னாள். ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு இடது கையைப் பிடித்தாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் நரம்பெல்லாம் அத்துப்படியாக இருப்பதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று அம்மா கிறிஸ்டினாவுக்குத் தெரியவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து இத்தனை தூரம் ரயிலில் வந்ததற்காக ஒரு ஐஸ்கிரீம் உண்டா என்று பிள்ளை கேட்டது.

நான்கு வயதில் தொடங்கியது அந்தக் காய்ச்சல். மாதம் ஒருமுறை வரும், சில மாதம் இரண்டு முறை. உடம்பு அனலாகக் கொதிக்கும், வயிறு வலிக்கும், முழங்காலோ கணுக்காலோ சிவந்து வீங்கிக் காலைத் தரையில் ஊன்ற விடாது. மூன்றாம் நாள் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். நேற்றுவரை கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போன பிள்ளை இன்று தெருவில் பாண்டி ஆடும். பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பவில்லை. ஊரில் ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்து, தொண்டைக் கிருமிக்கு எதிராக உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருள் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, இது அந்தக் கிருமியால் வந்த மூட்டுக் காய்ச்சல், விட்டால் இதயத்தைப் பிடிக்கும் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. போட்ட அன்று பிள்ளையால் உட்கார முடியாது. ஊசியும் நிற்கவில்லை, காய்ச்சலும் நிற்கவில்லை.

சென்னையில் குழந்தைகளுக்கான பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவானபோது கிறிஸ்டினாவின் கணவன் எபினேசருக்கு லீவு கிடைக்கவில்லை. சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் கம்பெனியில், உலைப் பக்கம் வேலை அவனுக்கு. அதனால் துணைக்கு அவன் தங்கை ஷைனி வந்தாள்.

ஷைனி அவர்களோடுதான் இருந்தாள். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. சார்ஜர் செய்யும் கம்பெனி, பிஸ்கட் கம்பெனி என்று எங்கே சேர்ந்தாலும் சில மாதம்தான். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு காய்ச்சலில் படுத்துவிடுவாள். பள்ளியில் படிக்கும்போதே குடல்வால் என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகும் வந்தது. பாஸ்டர் ஜெபித்தார். நரம்புத் தளர்ச்சி என்றார் ஒரு டாக்டர். படுத்த மூன்றாம் நாள் பவுடர் பூசிக்கொண்டு வாசலில் நிற்பவளைப் பார்த்து, வேலைக்குக் கள்ளம் என்றது தெரு. கிறிஸ்டினா வாயைத் திறந்து சொன்னதில்லை, ஆனால் அவளும் அப்படித்தான் நினைத்தாள். பிரின்சியின் காய்ச்சலுக்கு ரிப்போர்ட் இருந்தது. ஷைனியின் காய்ச்சலுக்கு ஒன்றுமில்லை. யார் எதற்குக் கூப்பிட்டாலும் ஷைனி 'பாக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

டாக்டர் ஜோதிலட்சுமி பழைய ரிப்போர்ட்டுகளை நிதானமாகப் புரட்டினார். இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அதில் ஒரு குறையும் இல்லை என்றார்.

"ஊர்ல எடுத்த இந்த ரத்த டெஸ்ட் தப்பில்லம்மா. எப்பவோ தொண்டையில ஒரு கிருமி வந்துட்டுப் போயிருக்குன்னு மட்டும்தான் இது சொல்லுது. நெறைய பிள்ளைங்களுக்கு இது ஏறித்தான் இருக்கும். இவளோட காய்ச்சல் வேற எடத்துலேர்ந்து வருதுன்னு தோணுது."

கணவன் மனைவி சொந்தமா என்று கேட்டார். தன் அப்பாவும் மாமியாரும் கூடப் பிறந்தவர்கள் என்றாள் கிறிஸ்டினா. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்து வந்து போகுமா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றாள்.

"எனக்கு இருக்குது, டாக்டர்."

பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கதவோரம் நின்றிருந்த ஷைனி சொன்னாள். கிறிஸ்டினா திரும்பிப் பார்த்தாள்.

"சின்ன வயசுலேர்ந்து இருக்குது. வயித்துல கத்தி வெச்ச மாதிரி வலிக்கும், ஒடம்பு கொதிக்கும். மூணாம் நாளு ஒண்ணுமே இருக்காது. யாரும் நம்ப மாட்டாங்க. அதனால சொல்றத வுட்டுட்டேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். அத்தனை நேரம் ஒருவர் தன் வயிற்று வலியைப் பற்றிப் பேசியதில் ஷைனிக்குக் கூச்சமாகவே இருந்தது. அன்று அத்தையும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்தார்கள். ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம், மின்விசிறியைப் பார்த்தால் போதும் என்று பிரின்சி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

சில வாரங்கள் கழித்து மூவரும் முடிவு வாங்கப் போனார்கள். பரம்பரையாக வரும் காய்ச்சல் இது, இரண்டு பேருக்கும் ஒன்றேதான் என்றார் டாக்டர். தினமும் மாத்திரை சாப்பிட்டால் அடக்கி வைக்கலாம், பென்சிலின் ஊசியை இன்றோடு நிறுத்திவிடலாம். பிரின்சி அதை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, எனக்கும் அத்தைக்கும் ஒரே காய்ச்சலா என்று, பண்டிகைக்கு ஒரே துணியில் பாவாடை தைத்துக் கொடுத்ததுபோல மலர்ந்தாள்.

ஷைனி ஒன்றுதான் கேட்டாள். "அப்ப இது நெஜமாவே இருக்குதா, டாக்டர்?"

"நெஜமாவே இருக்குதும்மா."

திரும்பும் ரயிலில் கிறிஸ்டினா ஜன்னலோரத்தை ஷைனிக்கு விட்டாள். சமோசா வாங்கி முதலில் அவளிடம் நீட்டினாள். அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தபோது மெதுவாகச் சொன்னாள். "ஷைனி, நானும் நீ நடிக்கறன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

"தெரியும் அண்ணி." ஷைனி வாயில் இருந்ததை மென்று முடித்தாள். "சில நாளு நானே அப்டித்தான் நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பை முதலில் தொடங்கியது யார் என்று தெரியவில்லை. மீஞ்சூரில் ஏறிய பூக்காரி என்ன விஷயம் என்று கேட்கும்வரை சிரித்தார்கள். பிரின்சி அத்தை மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

முதல் வாரம் மாத்திரை வயிற்றைக் கலக்கியது. காலையில் அத்தையும் பிள்ளையும் ஒரே கக்கூசுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். பிறகு அதுவும் அடங்கியது. ஒரு மாதம் போனது. வரும், வரும் என்று காத்திருந்தார்கள், வரவில்லை. மழைக்காலத்தில் பிரின்சிக்கு ஒருநாள் லேசாகச் சூடு கண்டது. மறுநாளே பள்ளிக்கூடம் போய்விட்டாள். எபினேசர் ஷிப்ட் முடிந்து வந்ததும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, தங்கையின் நெற்றியிலும் கை வைத்தான். உன் கையே உலை மாதிரி இருக்குது, இதுல எங்க தெரியப் போவுது என்றாள் ஷைனி.

டிசம்பரில் சர்ச் பெண்கள் சங்கத்து விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கேட்டு வந்தார்கள். கிறிஸ்டினா பழக்கத்தில் ஷைனியின் 'பாக்கலாம்' வரட்டும் என்று காத்திருந்தாள். "எம்பேரையும் எழுதிக்கோங்க, வரேன்" என்றாள் ஷைனி.

மியூசிகல் சேரில் பதினைந்து பேர் இறங்கினார்கள். இரும்புத் தூசி படிந்த சர்ச் மைதானத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். பாட்டைப் போட்டு நிறுத்தும் வேலையைப் பிரின்சியிடம் கொடுத்திருந்தார்கள். இடித்துத் தள்ளி, விழுந்து எழுந்து, ஒவ்வொருவராக வெளியே போக, மிஞ்சியது கிறிஸ்டினாவும் ஷைனியும்தான். நடுவில் ஒரு நாற்காலி.

பிரின்சி செல்போனில் பாட்டை ஓடவிட்டாள். இருவரும் சுற்றத் தொடங்கினார்கள். கிறிஸ்டினாவுக்கு மூச்சு வாங்கியது. ஷைனி சடை அவிழ்ந்தது தெரியாமல், நாற்காலியின் விளிம்பில் ஒரு கையை உரசியபடி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். நிறுத்து, நிறுத்து என்று சுற்றி நின்றவர்கள் குரல் கொடுத்தார்கள். பிரின்சியின் கட்டைவிரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.