அவன் முந்திச் சொன்ன பெயர்

தையற்காரியின் புருஷன் மின்வேலைக்காரன். யாராவது எதையாவது விளக்க ஆரம்பித்தால் போதும், கொட்டாவி விட்டுவிடுவான். தினமும் போடும் மாத்திரையின் பெயரே அவன் வாயில் நுழையாது. அப்பேர்ப்பட்டவன் அன்று நரம்பு டாக்டர் முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். பரவாயில்லையே, மகள் என்றதும் அக்கறை வந்துவிட்டதே என்று இவளுக்குச் சந்தோஷம்தான்.

மகளுக்கு ஆறு வயது. வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். ஒரு வருஷமாகக் கால் விறைத்து, நுனிக்காலில் நடந்து, சமதரையிலேயே தடுக்கி விழுந்துகொண்டிருந்தாள். பரிசோதனை முடிவு அன்றுதான் வந்திருந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்குள் இறங்கி, காலை இயக்கும் நரம்பு செல்லுக்குள் நுண்குழாய்கள் தண்டவாளம் மாதிரி நீண்டு கிடக்குமாம். அதன்மேல் ஒரு புரதம், கண்ணுக்குத் தெரியாத கூலியாள், கால் மாற்றிக் கால் வைத்து, செல்லுக்கு வேண்டிய சரக்கைக் கடைசி முனைவரை சுமந்துபோகுமாம். குருவிக்கு அந்தக் கூலியாளிடம் பிறவிக் கோளாறு. சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை.

"அந்தப் புரதத்துக்குப் பேரு..." என்று டாக்டர் காகிதத்தைப் புரட்டினார்.

"கைனசின்," என்றான் புருஷன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கக்கினான். அவன் அக்காவுக்கு இதேதான். குளியலறையில் வழுக்கி விழுந்து கால் போச்சு என்று கல்யாணத்தில் சொன்னதெல்லாம் கதை. அவனுக்கும் லேசாக உண்டு. ஏணியில் நின்று நின்று வந்த கால்வலி என்று இவள் தைலம் தேய்த்துவிட்டாளே, அதுதான். கல்யாணத்துக்கு முன்பே மொத்த வீட்டுக்கும் தெரியும்.

அவன் மறைத்துக் கட்டிக்கொண்டதைக்கூட இவள் எப்படியோ விழுங்கியிருப்பாள். ஆனால் இந்த ஒரு வருஷம்? பிள்ளை நடக்கச் சோம்பல்படுகிறாள், நீ கொடுக்கிற செல்லம் என்று மாமியார் தூபம் போட, இவள் சாயங்காலம் தவறாமல் மாடிப்படியில் ஏற்றி இறக்கினாள். அழ அழ ஏற்றினாள், பாவி.

அறைக்கு வெளியே வந்ததும் கேட்டாள். "நான் அவளைத் திட்டித் திட்டிப் படியேத்தினப்ப, நீங்க பக்கத்துலதானே உக்காந்து டீ குடிச்சீங்க?"

அவன் பரிசோதனைக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

நாற்காலியில் காத்திருந்த குருவி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதம்மா," என்றாள். "இன்னிக்கு அழாம ஏறுறேன்."